பூட்டி வைத்த ராணித் தலை

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மீது கோபம் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லவும் தெரியவில்லை. முதலில் நகை செய்ய வந்த பத்தர் மீது வந்தது. பிறகு மனைவி மீது வந்தது. இப்போது எங்கெங்கோ சுற்றிவிட்டு என் தலையிலேயே வந்து குந்தியிருக்கிறது.

விஷயம் ஒரு பவுணைப் பற்றியது. பவுண் என்று இருபத்தெட்டு வருடங்களாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஒன்றைப் பற்றியது.

எங்கள் ஆட்களின் கலியாணத்தில் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பகுதியாரும் பார்த்திருக்க ஒரு தங்கப் பவுணை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. பவுண் என்றால் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கக் காசு. ஒரு பக்கத்தில் ராசாவின் தலையோ ராணியின் தலையோ இருக்கும். எங்கள் ஊரில் எழுத்தை வாசித்து யாரும் பவுண் பார்ப்பதில்லை. தலை இருக்கிறதா, மஞ்சளாக மினுங்குகிறதா, சரி, அது பவுண். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான்.

இந்த நாட்டுக்கு வந்து மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த முதல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியாக இருந்தாள். சனிக்கிழமைகளில் எங்கள் புல்லை வெட்டும்போது அவளுடைய புல்லையும் சேர்த்து வெட்டிவிடுவேன். செவ்வாய்க்கிழமை குப்பைத்தொட்டியை இழுத்துத் தெருவில் வைப்பேன். பெரிய உபகாரம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் அவளை முதியோர் இல்லத்தில் சேர்க்க முடிவெடுத்த கிழமை, வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு ஒரு சின்ன நீலப் பெட்டியைத் தந்தாள். ராணியைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

பெட்டிக்குள் வெல்வெட் துணி. அதன் மேல் பளபளவென்று ராணியின் தலை. பின்புறம் கிரீடம். சுற்றிவர, வெள்ளி விழா ஞாபகார்த்தம் என்ற பொருளில் ஆங்கில எழுத்து. என்னுடைய கலியாணத்துக்கு உருக்கிய பவுணைவிட இது ஒன்றரை மடங்கு பெரிது. நான் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன், இது இரட்டைப் பவுண்.

மனைவி மட்டும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளி விழா எண்டெல்லோ போட்டிருக்கு. அப்ப வெள்ளியோ?"

"விழாதான் வெள்ளி. சாமான் பவுண். அரண்மனைக்காரர் வெள்ளியிலயே குடுப்பினம்?" என்றேன்.

அவள் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி! அதைப் பகிடியாக்கி வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். மகனுக்கு அப்போது ஒரு வயது. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இவன்ர பொன்னுருக்குக்கு இங்கிலாந்து ராணியே வந்திட்டா" என்பேன். அடுத்த மாதமே ஒரு சின்ன இரும்புப் பெட்டி வாங்கி, அலுமாரியின் அடித்தட்டில் முறுக்காணி போட்டு இறுக்கி, அதற்குள் ராணியை வைத்துப் பூட்டினேன். திறப்பு என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஒரேயொரு தடவை அந்தத் திறப்பை மனைவியிடம் கொடுத்தேன். மகனுக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் அப்பா காலமான செய்தி வந்தது. மூத்த மகன் நான். கொள்ளி வைக்க நான் போக வேண்டும். வேலையில்லாமல் இருந்த நாட்கள் அவை. கையில் ஒரு சதமில்லை, கேட்கக்கூடிய ஆட்களிடமெல்லாம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுத் திறப்பை நீட்டினேன். "அந்தப் பவுணைக் கொண்டுபோய் வித்துப்போட்டு ரிக்கற்றை எடும்" என்றேன். அப்பாவுக்காக அழுததற்கும் ராணிக்காக அழுததற்கும் அன்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்னேரம் அவள் விமான ரிக்கற்றோடும் செலவுக்குக் காசோடும் வந்தாள். மற்றக் கையில் நீலப் பெட்டி.

"விக்கேல்லை. வேலையிடத்தில ஒரு சீட்டுப் போட்டிருந்தனான், அதை எடுத்திட்டன்" என்றாள்.

நான் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. பவுண் தப்பியதே, அதுவே போதும். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் நின்று எல்லாக் கடமையும் செய்தேன், திரும்பி வந்து அந்தக் கதையையும் பவுண் கதையோடு சேர்த்துக்கொண்டேன். அவ்வளவு கஷ்டத்திலும் நாங்கள் பவுணில் கை வைக்கவில்லை என்று எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பேன். மனைவி பக்கத்தில் இருப்பாள். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த இடத்தில் அவளுடைய தாலிக்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு பவுணில் நான் அவளுக்குப் போட்ட கொடி. அவள் வேலை செய்வது குழந்தைகள் காப்பகத்தில். பிள்ளைகள் கழுத்தில் கிடப்பதைப் பிடித்து இழுக்கும் என்பதால், விசேஷங்களுக்கு மட்டும்தான் கொடி போடுவாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிச் சேலை வைக்கும் லாச்சிக்குள் போட்டுவிடுவாள். போடுவாள் என்றால், உள்பாவாடைகளுக்கும் பழைய சோட்டிகளுக்கும் நடுவில் சும்மா எறிவாள். இதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் தமிழ் வீடுகளாகப் பார்த்து உடைத்த காலம் ஒன்று இருந்தது. "இந்தத் தெருவில கள்ளர் கூட. தாலிக்கொடியை இப்பிடி எறிஞ்சு வைக்கிற பொம்பிளையை நான் உலகத்தில கண்டதில்லை. பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுவம், தாரும்" என்பேன். "வேண்டாம், அது கிடக்கட்டும்" என்பாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைப் பொலிஷ் போடவென்று கொண்டுபோவாள். பவுண் கொடிக்கு ஏன் இவ்வளவு பொலிஷ் என்று அதற்கும் ஏசுவேன். இருபது வருடமாக இதே ஏச்சு. அவளும் ஒருநாளாவது வாயைத் திறந்து திருப்பி ஏசினாளா என்றால் இல்லை.

ராணியின் எழுபதாவது ஆண்டு விழாவைத் தொலைக்காட்சியில் காட்டியபோது நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ராணி இறந்த அன்று மகனிடம், "இனிமேல் ராணித் தலை வராது. இதின்ர மதிப்பு இப்ப இன்னும் கூட" என்றேன். அவன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே, "கூல், அப்பா" என்றான்.

அவனுக்குப் பெண் அமைந்தது மெல்பேர்னில், ரோவில் பக்கம். நல்ல குடும்பம். கலியாணம் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் என்று முடிவாகி, அதற்கு முந்திய ஞாயிறு எங்கள் வீட்டில் பொன்னுருக்கு. பெண் வரக்கூடாது என்பதால் அவளுடைய தாய் தகப்பனும் இன்னும் நாலைந்து பேரும் பத்து மணித்தியாலம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். நல்ல நேரம் காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது ஐம்பது வரை.

விடிந்ததிலிருந்தே எல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் போனது. கராஜைக் கழுவிக் கோலம் போட்டுக் கதிரைகள் அடுக்கினால், மகன் குளித்துவிட்டு வரவே எட்டே முக்கால். வேட்டியை நான்தான் கட்டிவிட்டேன். பத்தர் ஒன்பது மணிக்கு வந்தார். கிழமை நாட்களில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் நகை வேலை. உமியும் கரியும் போட்டு ஊதுகிற காலமெல்லாம் போய்விட்டது, சின்ன காஸ் ரோர்ச் கொண்டுவந்திருந்தார். வந்தவுடனேயே மனைவியோடு குசினி வாசலில் நின்று ஏதோ குசுகுசுத்தார். நேரம் போகிறதே, இவருக்கு இப்போது தேத்தண்ணியா கேட்கிறது என்று எனக்குக் கோபம்.

நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, தட்டத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் நான் என் கையால் ராணியை வைத்தேன். சம்பந்தி எட்டிப் பார்த்தார். நான் முழுக் கதையையும் அவருக்குச் சொன்னேன். கிழவி, வேலி, அப்பாவின் மரணம், ஒன்றையும் விடவில்லை. மகன் தட்டத்தை எடுத்துப் பத்தரிடம் கொடுத்தான். பத்தர் காசை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, ஒருக்கா இஞ்சால வாறியளே?"

"என்னெண்டாலும் இதில சொல்லும் பத்தர். நேரம் போகுது."

"இல்லை அண்ணை, ரெண்டு நிமிசம். தனியக் கதைச்சா நல்லம்."

"பெரிசா இருக்கெண்டு யோசிக்காதயும். இது இரட்டைப் பவுண். மிஞ்சிறதில மருமகளுக்கு ஒரு மோதிரம் செய்யும்."

சம்பந்தி பகுதியில் யாரோ சந்தோஷமாகச் சிரித்தார்கள். பத்தர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, இது பாரமில்லை. பவுண் எண்டா இந்தப் பருமனுக்கு இன்னும் நல்லாக் கனக்கோணும்."

இருபத்தெட்டு வருடம் பூட்டி வைத்ததை இந்த மனிதன் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தே பாரமில்லை என்கிறான்.

"உரைச்சுப் பாரும்" என்றேன்.

"பிறகு பாப்பம் அண்ணை."

"இல்லை, இப்ப உரைச்சுப் பாரும்! எல்லாருக்கும் முன்னால உரைச்சுப் பாரும்!"

மனைவி குசினி வாசலில் இருந்து, "விடுங்கோப்பா, பத்தருக்குத் தெரியும், அவர் பாத்துக்கொள்ளுவார்" என்றாள். நீர் சும்மா இரும் என்று அவள் மீதும் பாய்ந்தேன். அந்த நேரம் வாயை மூடியிருந்தால் எல்லாம் மரியாதையாக முடிந்திருக்கும். என் வாய் என்றைக்கு மூடியது?

பத்தர் பெருமூச்சு விட்டார். அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரே ஒரு இழுவை இழுத்தார். சின்னப் போத்தலிலிருந்து ஒரு துளி அமிலத்தை அந்த இடத்தில் வைத்தார். அது பச்சையாகப் பொங்கியது. பொங்கியது வழிந்து ராணியின் கன்னத்தில் இறங்கி அங்கேயே காய்ந்தது.

"மெடல் அண்ணை. செம்புக்கு முலாம் போட்டது. வெள்ளி விழா நேரம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இனாமாக் குடுத்ததா இருக்கும்."

சம்பந்தி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். ஒருமுறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், மூன்று முறை சொன்னார். மகன் என் தோளில் கை வைத்து, "இற்ஸ் ஓகே, அப்பா" என்றான். என்ன ஓகே? எது ஓகே? மணி ஒன்பது முப்பத்திரண்டு. உருக்கப் பொன் இல்லை. பத்து மணித்தியாலம் ஓடி வந்த ஆட்களுக்கு முன்னால், பிள்ளையின் தாலிக்கென்று ஒரு செப்புத் தகட்டை வெற்றிலையில் வைத்த தகப்பன் நான். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். கராஜ் நிலம் சீமெந்து.

அப்போது மனைவி குசினிக்குள்ளிருந்து ரிசுக் கடதாசியால் எதையோ துடைத்தபடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தட்டத்தில் ஒரு காசை வைத்தாள். சின்னக் காசு. ராசாத் தலை. அதைக் கையில் வைத்த கணமே பத்தரின் முகம் மலர்ந்தது.

"ஓம், இது பவுண்" என்றார்.

ரோர்ச்சைப் பிடித்ததும் எங்கள் எல்லோருக்கும் தும்மல் பிடித்தது. காசின் விளிம்பில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூள் கருகி எழும்பிய காரம். மாப்பிள்ளை தும்ம, சம்பந்தி தும்ம, பத்தர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் உருக்கினார். பவுண் சிவந்து, உருண்டு, ஒரு துளியாகத் திரண்டது. ஒன்பது நாற்பத்தைந்து. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தும்மல் மட்டும்தான் வந்தது.

சம்பந்தி பகுதி சாப்பிட்டுவிட்டு, போட்டு வாறம் என்று புறப்பட மூன்று மணியாகிவிட்டது. அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் போனேன். மனைவி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கால வந்தது அந்தப் பவுண்?"

"தூள் போத்திலுக்கால."

"பகிடி விடாதயும்."

அவள் கையைத் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். கலியாண வீட்டுக் களைப்பு முகத்தில் தெரிந்தது.

"மாமா செத்த அண்டைக்குத் திறப்பைத் தந்தனீங்களெல்லோ. நான் அதைக் கொண்டு நகைக்கடைக்குப் போனனான். கடைக்காரன் கையில எடுத்தான், திருப்பித் தந்திட்டான். தங்கச்சி, இது மெடல், ஒண்டுக்கும் போகாது எண்டான்."

"அப்ப ரிக்கற்? சீட்டு எடுத்தனான் எண்டீரே?"

அவள் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து தாலிக்கொடியை இழுத்து வெளியே போட்டாள். அன்றைக்கு விசேஷம் என்று போட்டிருந்தாள். பிடரிப் பக்கத்தில் ஒரு வளையத்தை விரலால் காட்டினாள். மஞ்சள் தேய்ந்து அடியில் கறுப்பு.

"இது அந்தக் கொடியில்லை. கவரிங். தாலியை மட்டும் கழட்டி எடுத்துக்கொண்டு கொடியைக் குடுத்திட்டன். ரிக்கற்றும் உங்கட கைச்செலவும் போக, கடைக்காரனிட்ட ஒரு பவுண் கேட்டு வாங்கினனான். பிள்ளையின்ர பொன்னுருக்குக்கு எண்டு."

என் அப்பாவுக்கு நான் வைத்த கொள்ளி அவள் கழுத்திலிருந்து இறங்கியது. பாராட்ட வேண்டும், காலில் விழ வேண்டும் என்றெல்லாம் நல்ல மனிதனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு வந்தது கோபம்தான்.

"இருபது வருசம்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதே? எத்தினை சபையில என்னை விசரன் மாதிரிக் கதைக்க விட்டனீர்?"

"எப்ப சொல்லுறது? அண்டைக்கு நீங்கள் கொள்ளி வைக்க வெளிக்கிட்டு நிக்கிறியள். திரும்பி வந்த கையோட எல்லாருக்கும் பவுண் கதை சொல்லத் துவங்கீட்டியள்."

"போன கிழமை சொல்லியிருக்கலாம். நேற்றுச் சொல்லியிருக்கலாம்!"

"முந்தநாள் சொல்ல வந்தனான். நீங்கள் பெட்டியைத் திறந்து வைச்சு, ஒரு துணியால ராணின்ர மூக்கைத் துடைச்சுக்கொண்டிருந்தனீங்கள். பேசாமல் திரும்பிப் போயிட்டன்."

நானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"பத்தரிட்ட காலமை சொல்லி வைச்சனான்" என்றாள். "உங்களைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லி. சபைக்குத் தெரியாமல் மாத்தி வைக்கலாம் எண்டு. நீங்கள்தானே உரை உரை எண்டு நிண்டனீங்கள்."

லாச்சியில் எறிகிறீர் என்று ஏசியது, பொலிஷுக்கு ஏசியது, பூட்டத் தாரும் என்று அதட்டியது எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. பூட்டத் தந்திருந்தால் நான் கையில் எடுத்துப் பார்த்திருப்பேன், தேய்ந்த இடம் தெரிந்திருக்கும். கண்டுபிடித்திருப்பேனா? ராணியையே கண்டுபிடிக்காதவன் நான்.

கலியாணத்துக்கு முன் புதுக்கொடி எடுப்போம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். "தாலி நீங்கள் கட்டின அதே தாலிதானே. நான் அதை வித்தனானே?" என்றாள். மாப்பிள்ளையின் தாயாக, ஹெலன்ஸ்பர்க் கோயிலில், அத்தனை சனத்துக்கு முன்னால் அதே கவரிங் கொடியோடு நின்றாள். மகன் மருமகளின் கழுத்தில் கட்டிய தாலியைப் பார்த்தபோது நான் கண்ணைத் துடைத்தேன். புகை என்று சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் கொடியைக் கழற்றி லாச்சிக்குள் எறிந்துவிட்டு முகம் கழுவப் போனாள். நான் அலுமாரியைத் திறந்து, இரும்புப் பெட்டியைத் திறந்து, நீலப் பெட்டியை வெளியே எடுத்தேன். கன்னத்தில் பச்சைக் கறையோடு ராணி லாச்சிக்குள் பழைய சோட்டிகளோடு போனாள். கொடியை வெல்வெட் துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டினேன்.

மனைவி துவாயோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவரிங்கை ஆராவது பூட்டி வைப்பினமே?" என்றாள்.

"இந்தத் தெருவில கள்ளர் கூட" என்றேன்.